கிராமத்து நிலத்தின் பழைய பத்திரம் எங்கே கிடைக்கும்?

கேள்வி: டெக்சாஸில் கிராமப்புறக் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றில் நிலம் வாங்கப் பார்க்கிறோம். பழைய பத்திரங்கள் இணையத்தில் இல்லை. யாரிடம் கேட்பது?
– வாசகி, ஆஸ்டின்

பதில்: நேரே கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள் அம்மா. நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி, பத்திரங்கள் பதிவாவது அங்கேதான். விற்றவர், வாங்கியவர் பெயர்வாரியாக அட்டவணை இருக்கும். இப்போதைய உரிமையாளர் பெயரில் தொடங்கி, அவருக்கு விற்றவர், அதற்கும் முன்னால் விற்றவர் என்று பின்னோக்கிப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அவசரப்படாமல் செய்யுங்கள். பிரதி பக்கத்துக்கு 1 டாலர்.

அப்புறம், சாலைப் பராமரிப்பு போன்ற மற்ற ஆவணங்களுக்குப் டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டப்படி, அவற்றை வைத்திருக்கும் கவுன்ட்டி அலுவலகத்தாரிடம் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலே போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக் கூடாது. தர மறுக்க நினைத்தால், பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் (அரசின் தலைமை வழக்கறிஞரின்) முடிவை அவர்கள்தான் கேட்க வேண்டும். ‘எல்லா ஆவணமும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். சாலையின் பெயர், ஆண்டு இரண்டையும் குறிப்பிடுங்கள்.