போலீஸ் வேலையா? முதலில் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பாருங்கள்

"பையன் ப்ளஸ் டூ. போலீஸில்தான் சேருவேன் என்கிறான். என்ன படிக்க வைப்பது?" என்று கேட்கும் பெற்றோரிடம், படிப்புக்கு முன்னால் கேட்க வேண்டியது உயரத்தைத்தான்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர், உதவி ஆய்வாளர் (எஸ்.ஐ.) தேர்வுகளில் ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு முறையே 159, 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரண நிலையில் 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். மார்பு விரிவு மூச்சுப் பயிற்சியாலும் நீச்சலாலும் கூடும்; உயரத்துக்கு அப்படி வழியில்லை. வீட்டில் அளக்கும்போது வெறுங்காலுடன், குதிகால் சுவரில் படும்படி, மாலை நேரத்தில் அளந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் எல்லோரும் சற்று உயரமாகத்தான் இருப்போம். காலையில் 170 தொட்டு, நாள் முழுக்க மைதானத்தில் நின்றபின் 169.5 ஆகிப்போனால் அங்கே யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள்.

உயரம் குறைவு என்றால் காக்கிச்சட்டைக் கனவையே விட வேண்டுமா? வேண்டியதில்லை. குரூப் 1 தேர்வு வழியாக வரும் துணைக் காவல் கண்காணிப்பாளர் பதவிக்கு ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 போதும். ஐ.பி.எஸ்.ஸுக்கு 165, 150. காவலரைவிட எஸ்.பி. குட்டையாக இருக்கலாம் என்பது விதியின் வேடிக்கை. ஆனால் அந்தத் தேர்வுகளின் கடினம் வேறு ரகம், பட்டப்படிப்பும் கட்டாயம்.

அடுத்தது எந்த நிலையில் நுழைவது என்பது. காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 28, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மூன்றாம் பாலினத்தவருக்கு 31. உதவி ஆய்வாளருக்குப் பட்டம் வேண்டும். வயது 20 முதல் 30, மேற்சொன்ன வகுப்பினருக்கு 32, 35. வயதை எந்த நாளில் கணக்கிடுகிறார்கள் என்பதை அறிவிக்கையில் பாருங்கள். வழக்கமாக அந்த ஆண்டின் ஜூலை 1.

பதினெட்டு வயதில் காவலராகச் சேர்ந்தால் ரூ.18,200 அடிப்படை ஊதியத்தில் தொடங்கலாம். முதல் சில ஆண்டுகள் ஆயுதப்படையிலோ சிறப்புக் காவல் படை பட்டாலியனிலோதான் கழியும். பந்தோபஸ்து, சிறைக் கைதி வழிக்காவல், தேர்தல் பணி. சினிமாவில் பார்க்கும் ஸ்டேஷன் வேலை உடனே கிடைக்காது. முதல்நிலைக் காவலராக உயரப் பத்து ஆண்டுகள், சிறப்பு உதவி ஆய்வாளராக உயர இருபதுக்கு மேல் ஆகும். அதே பையன் டிகிரி முடித்து நேரடியாக எஸ்.ஐ. ஆனால் தொடக்கமே ரூ.36,900. குடும்பத்தில் உடனடி வருமானம் தேவை என்றால் காவலர் தேர்வு எழுதட்டும், குறையொன்றுமில்லை. மூன்று ஆண்டு பொறுக்க முடியும் என்றால் டிகிரியை நடுவில் நிறுத்தாதீர்கள். வேலைக்குப் போனபின் அஞ்சல்வழியில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பலர் முடிப்பதே இல்லை. பந்தோபஸ்து நாளும் தேர்வு நாளும் மோதும்.

எந்த டிகிரி? எதுவானாலும் சரி. குற்றவியல் படித்தால்தான் எஸ்.ஐ. ஆகலாம் என்று கல்லூரி விளம்பரம் சொல்லும்; அப்படி எந்த முன்னுரிமையும் இல்லை. தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ.க்கு மின்னணுவியல் படிப்பு, விரல்ரேகைப் பிரிவுக்கு அறிவியல் பட்டம் என்பவை மட்டும் தனி. ஒன்றில் மட்டும் உஷார்: பத்து, ப்ளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது.

காவலர் எழுத்துத் தேர்வில் முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். அடுத்த தாள் 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் தொடர், தர்க்கம், தகவல் கையாளல் போன்ற கேள்விகள்தான். ஆறு முதல் பத்து வரையான சமச்சீர்ப் பாடநூல்களை ஒழுங்காக முடித்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கும். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் அங்கே போய்க் கேளுங்கள்.

இனி மைதானம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். இது தகுதிக்கு மட்டும், மதிப்பெண் கிடையாது. 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 112 விநாடி. வேகம் போதாமல் தோற்பவர்கள் குறைவு. கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை 80 விநாடியில் ஓடிவிட்டு மூன்றாவதில் மூச்சு வாங்கி நிற்பவர்கள்தான் அதிகம். கைக்கடிகாரத்தைப் பார்த்து முதல் சுற்றை 105க்குக் குறையாமல் ஓடிப் பழகட்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம்.

மதிப்பெண் வருவது அதற்குப் பிறகான மூன்று நிகழ்வுகளில், மொத்தம் 24. ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். ஒரு ஸ்டார், அதைவிடக் கூடுதல் மதிப்பெண்ணுக்கு இரண்டு ஸ்டார் என்று அளவு வைத்திருக்கிறார்கள். கயிறு 5 மீட்டருக்கு ஒன்று, 6 மீட்டருக்கு இரண்டு. நீளம் தாண்டுதல் 3.80, 4.50 மீட்டர். 100 மீட்டர் 15 விநாடி, 13.5 விநாடி. பெண்களுக்கு நீளம் தாண்டுதல் 3 மீட்டர், 3.75, அதோடு குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம்.

இதில் பலரும் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடுவது கயிறு. அது ஒரு மாதத்தில் வராது. உள்ளங்கைத் தோல் காய்ப்புக் காய்க்கவே மூன்று நான்கு வாரம் ஆகும்; அதற்குள் உரிந்துவிட்டால் ஒரு வாரம் பயிற்சி நின்றுபோகும். முழுத் தேர்ச்சிக்கு ஆறு மாதம் வையுங்கள். கம்பியில் தொங்கி பத்துப் புல்-அப் எடுக்க வந்தபின் கயிற்றைத் தொடட்டும்.

இன்னும் 6 மதிப்பெண் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு. கடைசியில் அரை மதிப்பெண்ணில் நிற்கும் பட்டியலில் இது பெரிய விஷயம். கல்லூரியில் சேரும் முதல் வாரமே என்.சி.சி.யில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் நினைத்தால் நடக்காது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்பதாக இருந்தால், பள்ளித் தலைமையாசிரியரிடம் உரிய படிவத்தில் சான்று இப்போதே வாங்கி வையுங்கள்.

மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், நரம்புச் சுருட்டு பார்ப்பார்கள். ஒருமுறை அரசு மருத்துவமனையில் கண்ணையாவது முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

எல்லாம் தேறியபின் வருவதுதான் நடத்தைச் சரிபார்ப்பு. திருவிழாத் தகராறு, கல்லூரி அடிதடி, மறியல் என்று எதிலாவது பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தால் ஆபத்து. வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை இல்லை. விடுதலை ஆகிவிட்டோமே என்றால் அதிலும் கண்ணி உண்டு: சந்தேகத்தின் பலனாலோ சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி கருதுகிறது. வழக்கு இருந்ததை விண்ணப்பத்தில் மறைத்தால் இன்னும் மோசம். மறைத்ததே நிராகரிக்கப் போதுமான காரணம். அதனால் ஒன்றுவிடாமல் எழுதி, தீர்ப்பு நகலையும் வைத்து, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

தேர்வானால் காவலருக்கு ஏழு மாதம் காவலர் பயிற்சிப் பள்ளி, பிறகு ஒரு மாதம் களப்பயிற்சி. எஸ்.ஐ.க்கு வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி காவலர் பயிற்சியகத்தில் ஓராண்டு. கவாத்து, துப்பாக்கி சுடுதல் போலவே சட்டமும் பாடம். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (ஐ.பி.சி.) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டங்கள்தான் நடப்பில். பழைய ஐ.பி.சி. கைடை யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள்.

பட்டியலில் பெயர் வந்தபின் பயிற்சிக்கு அழைப்பு வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் ஓட்டத்தை நிறுத்தி எடை கூட்டிக்கொண்டு போனால், முதல் வாரக் கவாத்திலேயே முழங்கால் வலிக்கும், கணுக்கால் வீங்கும். வாரத்துக்கு நான்கு நாள் ஐந்து கிலோமீட்டராவது மெதுவோட்டம் ஓடிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.