பாதி விலை பூட்ஸில் எது பாதியாகிறது?

கேள்வி: தினமும் வேலைக்குப் போட்டுப்போக நல்ல லெதர் பூட்ஸ் ஒன்று ஆன்லைனில் வாங்க நினைக்கிறேன். மூன்று பிராண்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பெயர்பெற்ற பழைய கம்பெனி. இன்னொன்று, ‘இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக உங்களுக்கு’ என்று விற்கும் புதுக் கம்பெனி. மூன்றாவது, இவற்றில் பாதி விலை. ‘ஸ்டாக் தீரும்வரை மட்டும்’ என்று போட்டிருக்கிறார்கள். மூன்றிலுமே ‘ஜெனியூன் லெதர்’, ‘குட்இயர் வெல்ட்’ என்றுதான் எழுதியிருக்கிறது. என் கால் கொஞ்சம் அகலம். ஐந்தாறு வருஷமாவது உழைக்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: மூன்றாவதை விட்டுவிடுங்கள். காரணம் பின்னால் வருகிறது. மற்ற இரண்டில், உங்கள் கால் அகலத்துக்குத் தனி அளவு வைத்திருப்பவர், பிடிக்காவிட்டால் தன் செலவில் திரும்ப எடுத்துக்கொள்பவர் யாரோ அவரிடம் வாங்குங்கள். இரண்டு பேருமே அப்படி என்றால், கீழே உள்ள நான்கு கேள்விகளை இருவருக்கும் அனுப்புங்கள். பிராண்டுக்குப் பிராண்டு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் முடிவே கிடைக்காது. ஒரே கம்பெனி ஒரு மாடலைத் தைத்தும் இன்னொன்றை ஒட்டியும் விற்கும். நீங்கள் ஒப்பிட வேண்டியது மாடலை.

முதலில் அந்த வெல்ட். பூட்ஸின் மேல்தோல், அதைச் சுற்றி ஓடும் ஒரு தோல் பட்டை, உள்ளே இன்சோலின் (பாதத்துக்கு அடியில் வரும் உள் அடித்தட்டு) அடியில் இருக்கும் விளிம்பு, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு தையல். பிறகு அந்தப் பட்டையோடு அடிச் சோலைச் சேர்த்து இரண்டாவது தையல். பட்டைக்குப் பெயர்தான் வெல்ட். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் வைத்துவிடலாம், மேல்தோலைத் தொட வேண்டியதில்லை. ஐந்தாறு வருஷம் என்ற உங்கள் கணக்கு நிற்பது இதை நம்பித்தான். (டயர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் வழங்கும் தையல் முறை இது. ‘குட்இயர் ரப்பர் சோல்’ என்று விளம்பரம் செய்பவருக்குத் தான் விற்பது என்னவென்றே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

பிரச்சினை என்னவென்றால், வெல்ட் போலவே தோற்றம் தரும் பட்டையைத் தையலோடு ரெடிமேடாக வாங்கி, ஒட்டிய சோலின் மேல் சுற்றி ஒட்டிவிடலாம். மேலிருந்து எடுத்த போட்டோவில் வித்தியாசமே தெரியாது. அதனால் சோலின் அடிப்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரப்பர் சோல் என்றால் ஓரமாக ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் நூல் ஒவ்வொரு கண்ணாகத் தெரிய வேண்டும். மேலே பட்டையில் தையல் இருந்து, கீழே நூலே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தையும் பாருங்கள். அது பெரும்பாலும் குதிகால் பக்கத்தில் இருக்கும். பளபளவென்று, அச்சில் வார்த்ததுபோல ஒரே சீராக இருந்தால் பிளாஸ்டிக். அடிப்பக்கப் படமே போடாத கடையில் வாங்காதீர்கள். இருபது கோணத்தில் படம் போடத் தெரிந்தவருக்கு அந்த ஒரு படம் மட்டும் மறந்துபோகாது.

உள்ளே பாதம் படும் இடத்தில், மெத்தையைத் தூக்கினால் வரிசையாகத் தையல் தெரிந்தால் அது பிளேக் தையல், அதாவது வெல்ட் இல்லாமல் இன்சோலையும் அடிச் சோலையும் நேரடியாகச் சேர்க்கும் தையல். அதுவும் நல்லதுதான், சோல் மாற்றலாம். ஆனால் வெல்ட் என்று சொல்லி விற்றிருந்தால், சொன்னது பொய்.

இப்போது அந்த நான்கு கேள்விகள். விற்பவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், போனில் கேட்காதீர்கள்.

இன்சோல் தோலா, அழுத்திய அட்டையா? பாதத்துக்கு நடுவே வளையாமல் தாங்கும் ஷாங்க் இருக்கிறதா, எதனால் ஆனது? இன்சோலுக்கும் சோலுக்கும் நடுவே கார்க் நிரப்பியிருக்கிறீர்களா, ஃபோமா? நீங்களே சோல் மாற்றித் தருவீர்களா, எந்த ஊரில்?

தோல் இன்சோல் நாளடைவில் உங்கள் பாதத்தின் வடிவத்துக்குக் குழிந்துகொடுக்கும். அட்டை, வியர்வையில் ஊறி ஊறி ஓரம் பிய்ந்துவிடும். அப்புறம் சோல் மாற்றப் பிரித்தால் தைக்கப் பிடிமானம் இருக்காது. ஃபோம் சில மாதங்களில் நசுங்கும், கார்க் பாத அச்சைப் பிடித்துக்கொள்ளும். நாலாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், வெல்ட்டில் சோல் தைக்கும் மெஷின் வைத்திருக்கும் ஆள் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். தைக்க ஆளில்லாத ஊரில் வெல்ட் வெறும் அலங்காரம்தான். நான்கில் மூன்றுக்காவது நேரடிப் பதில் வர வேண்டும். ‘எங்கள் தயாரிப்புகள் உயர்தரமானவை’ என்று பதில் வந்தால், பதில் வரவில்லை என்று அர்த்தம்.

தோலைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஜெனியூன் லெதர்’ என்பது அது தோல்தான் என்பதைத் தவிர எதையும் சொல்லவில்லை. ‘ஃபுல் கிரெய்ன்’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்: மேற்பரப்பைத் தேய்க்காமல் இயற்கையாக விட்ட தோல். தேய்த்து, பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்து, செயற்கையாக ரோமக்கண் அச்சடித்த தோல் மடிப்பில் வெடிக்கும். ஃபுல் கிரெய்ன் மடிப்பில் சுருங்கும். கனம் 1.8 முதல் 2.4 மில்லிமீட்டர் இருந்தால் தினசரி உபயோகத்துக்குப் போதும். ஹார்வீன் போன்ற பெயர்பெற்ற தோல் பதனிடும் ஆலையின் பெயரைச் சொன்னால் நல்லதுதான். ஆனால் எந்த ஆலையும் பல தரத்தில் தோல் விற்கும், தோலின் எந்தப் பகுதியை வெட்டினார்கள் என்பதையும் அந்தப் பெயர் சொல்லாது. ‘லெதர் வொர்க்கிங் குரூப்’ சான்றிதழை முத்திரை போலக் காட்டுவார்கள். அது ஆலையின் சுற்றுச்சூழல் நடைமுறைகளுக்கான மதிப்பீடு, பூட்ஸின் தரத்துக்கு அல்ல.

லேபிள் சட்டங்களாவது உதவுமா என்றால், பாதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994-இல் வந்த விதிப்படி மேல்பகுதி, உள்துணி, அடிச்சோல் மூன்றுக்கும் பொருள் என்ன என்று படக்குறி போட வேண்டும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அதற்குள் ஒரு டைமண்ட் இருந்தால் பூச்சுத் தோல், அதாவது 0.15 மில்லிமீட்டருக்கு மேல் பூச்சு ஏறியது. வெறும் டைமண்ட் என்றால் வேறு ஏதோ. புரிந்துகொள்ள எளிய குறிகள். ஆனால் இந்த லேபிள் பூட்ஸின் நாக்கின் அடியில் எங்காவது ஒளிந்திருக்கும், விற்கும் இணையப் பக்கத்தில் இருக்காது. பூட்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கும் கட்டமைப்பு இன்சோலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மேல்பகுதியில் 80 சதவீதம் தோல் இருந்தாலே தோல் குறி போட்டுக்கொள்ளலாம். முப்பது வருஷமாக இதைத் திருத்த ஒருவருக்கும் அவசரமில்லை. நீங்களே லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, அந்த ‘ஸ்டாக் தீரும்வரை’ பூட்ஸுக்கு வருவோம். பாதி விலை என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. என் பயம் அதன் சோல் எப்போது வார்த்தது என்பதில். இலகுவான, மெத்தென்ற சோல்களிலும் இடைச்சோல்களிலும் பல பாலியூரித்தேன். அதில் பாலியெஸ்டர் வகை, காற்றில் உள்ள ஈரத்தோடு வேதிவினை புரிந்து தானாகவே உடையும். போட்டு நடந்தால்தான் தேயும் என்று நினைக்காதீர்கள்; டப்பாவுக்குள், அலமாரியில், ஒரு தடவைகூட அணியாமல் இருந்தாலும் உடையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நாலைந்து வருஷம் கிடங்கில் கிடந்த பூட்ஸை எடுத்துப் போட்டு நடந்தால் சோல் ரஸ்க் போலப் பொடிந்து தரையில் விழலாம். ஒட்டினால் நிற்காது, ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். தினமும் போடுபவர் பாலியூரித்தேன் சோல் வாங்கலாம். அது பொடிவதற்குள் அவர் தேய்த்து முடித்துவிடுவார். வருஷத்தில் பத்து நாள் போடுபவர்தான் வாங்கக் கூடாது. ‘எப்போதாவதுதானே போடுகிறோம், சாதாரணமானது போதும்’ என்று மலிவாக வாங்கிப் பத்திரப்படுத்தி வைப்பவருக்குத்தான் இது நடக்கிறது. நீங்கள் தினமும் போடுபவர் என்பதால் புதிதாக வார்த்த பாலியூரித்தேன் சோல் உங்களுக்குப் பிரச்சினையில்லை. பழைய ஸ்டாக் பிரச்சினை. எப்படித் தெரியும்? அச்சில் வார்த்த சோல் பலவற்றில் அடியிலோ குதிகால் பள்ளத்திலோ சின்ன வட்டம் ஒன்று இருக்கும். ஓரத்தில் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் வருஷம், மாதத்தைக் காட்டும் ஒரு அம்பு. அதன் படத்தைக் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது என்றாலும், படம் தர மறுத்தாலும் வேண்டாம். பாலியெதர் வகை பாலியூரித்தேன் ஈரத்தைத் தாங்கும், ஆனால் எந்த வகை என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது. சோல் முழுக்க ரப்பர், நடுவில் ஃபோம் இல்லை என்றால் இந்த பாரா முழுவதையும் மறந்துவிடலாம்.

‘இடைத்தரகர் இல்லை’ என்ற வசனம். இப்படி விற்கும் பிராண்டுகளில் பலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது, வேறொரு தொழிற்சாலை தைத்துக் கொடுக்கிறது. அதில் தப்பில்லை, மெக்ஸிகோவின் லியோனிலும் சீனாவின் ஷியாமெனிலும் அருமையான பூட்ஸ் தைக்கிறார்கள். நான் எரிச்சல்படுவது, கடைக்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஒருவரை உட்காரவைத்திருக்கிறார்களே, அதற்கு. ‘இந்த ஆண்டின் 10 சிறந்த பூட்ஸ்’ எழுதுபவர், வீடியோவில் பூட்ஸைக் கத்தியால் அறுத்துக் காட்டுபவர், கீழே தள்ளுபடிக் குறியீடு தருபவர். அந்தக் குறியீடு வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன். அவர் பட்டியலில் கமிஷன் தராத பிராண்டு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது விலைப்பட்டியல். வாங்கிய முதல் வாரத்தில் எழுதிய ஐந்து நட்சத்திர விமர்சனத்துக்கும் மதிப்பில்லை. முதல் வாரத்தில் எல்லா பூட்ஸும் அழகு. ஒரு வருஷம் போட்ட பிறகு, விரல் மடியும் இடத்தை நெருக்கமாக எடுத்த படத்தைத் தேடுங்கள்.

இவர்களையும் மிஞ்சியது, வயதான கைவினைஞர் படத்தைப் போட்டு ‘குடும்பப் பட்டறையை மூடுகிறோம், 70 சதவீதத் தள்ளுபடி’ என்று வரும் கடைகள். அந்தப் படத்தை இமேஜ் சர்ச்சில் (படத்தை வைத்தே தேடுவது) போட்டுப் பாருங்கள். வேறு நாலு பெயரில் அதே தாத்தா வேறு நாலு பட்டறையை மூடிக்கொண்டிருப்பார். திருப்பி அனுப்புவதாகச் சொன்னால் தூரதேச முகவரி ஒன்றைத் தந்து, ‘செலவு உங்களுடையது, அல்லது 20 சதவீதம் பணம் தருகிறோம், பூட்ஸை வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். வாங்குவதற்கு முன்பே திருப்பி அனுப்பும் முகவரியைப் படியுங்கள். பக்கத்தில் முகவரியே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசியாக உங்கள் அகலமான கால். அகலம் போதவில்லை என்று அரை, ஒரு அளவு கூட்டி வாங்காதீர்கள். நீளம் கூடினால் பூட்ஸ் வளையும் இடம் உங்கள் பாதம் வளையும் இடத்தைத் தாண்டிப் போகும். மடிப்பு விரலை வெட்டும், குதிகால் கழன்று கழன்று வரும். அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. அமெரிக்க ஆண்கள் அளவில் டி சாதாரணம், ஈ அல்லது டபுள் ஈ அகலம். ஆனால் இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் சிலருக்கு ஈ-தான் சாதாரணம், சிலருக்கு எஃப் சாதாரணம், ஜி அகலம். ஒரே எழுத்து, இரண்டு அர்த்தம். நீள எண்ணிலும் இதே கூத்து: யூஎஸ் எண் யூகே எண்ணைவிடப் பெரும்பாலும் ஒன்று கூடுதல், சிலரிடம் அரைதான். ஐரோப்பிய எண்ணில் ஒரு படி 6.67 மில்லிமீட்டர், மற்ற இரண்டிலும் சுமார் 8.5. இவற்றைச் சேர்த்து ஒரே அட்டவணையாக்கிப் போட்டுவிட்டு, ‘உங்கள் ஷூ அளவையே தேர்ந்தெடுங்கள்’ என்பார்கள். ஸ்னீக்கர் அளவை அப்படியே போட்டால் வெல்ட் பூட்ஸ் அரை முதல் ஒரு அளவு பெரிதாகவே வரும்.

சாயங்காலம், பூட்ஸோடு போடும் அதே சாக்ஸுடன், எடையை முழுக்கக் காலில் வைத்து நின்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும். குதிகாலிலிருந்து நீளமான விரல்நுனி வரை, குதிகாலிலிருந்து கட்டைவிரல் மூட்டு வரை, மூட்டைச் சுற்றிய சுற்றளவு. பெரிய காலின் எண்களை மில்லிமீட்டரில் விற்பவருக்கு அனுப்பி, ‘இந்த மாடலின் லாஸ்டில் எனக்கு எந்த நீளம், எந்த அகலம்?’ என்று கேளுங்கள். லாஸ்ட் என்பது பூட்ஸை உருவாக்கும் கால் வடிவ அச்சு. அதன் பெயர் அல்லது எண்ணைச் சொல்லிப் பதில் தருபவர் விஷயம் தெரிந்தவர்.

பார்சல் வந்ததும் சுத்தமான கம்பளத்தின் மேல் மட்டும் நடங்கள்; சோலில் ஒரு கீறல் விழுந்தாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பாதத்தின் அகலமான மூட்டு, பூட்ஸின் அகலமான இடத்தில் உட்கார வேண்டும். குதிகால் ஒரு சென்டிமீட்டருக்குள் தூக்கினால் பயப்படாதீர்கள், சோல் வளைய ஆரம்பித்ததும் குறையும். சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் ‘போடப்போட இளகும்’ என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்; தோல் கொஞ்சம் இளகும், அடியில் உள்ள இன்சோல் அகலமாகாது. பிறகு விரல் மடியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுண்ணிய சுருக்கங்கள் வந்து மறைந்தால் நல்ல வெட்டு. பெரிய கொப்புளம்போல் தோல் தனியே எழும்பினால் பெரும்பாலும் அது மாட்டின் வயிற்றுப்பகுதியின் தளர்வான தோல். அதைத் திருப்பி அனுப்புங்கள். நெருப்பு வைத்துப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். தோலா இல்லையா என்று தெரியும்போது திருப்பித் தரும் உரிமையும் போயிருக்கும். டப்பா, டேக், உள்ளே வைத்த தாள் எல்லாவற்றையும் ரிட்டர்ன் கெடு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள். கெடு, ஆர்டர் செய்த நாளிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா என்பதையும் ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள்.