ஊர் சுற்றி வந்தேன், வீடு ஒட்டவில்லை

கேள்வி: தபால் துறையில் ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவியுடன் வடக்கே கிளம்பினேன். காசி, ஹரித்வார், அமிர்தசரஸ், பூரி, கோனார்க் என்று நான்கு மாதம். திரும்பியதிலிருந்து வீட்டில் எதுவும் ஒட்டவில்லை. ஒன்பது மணிக்கே பேப்பர் முடிந்துவிடுகிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. பயணக் கதையை ஆரம்பித்தால் நண்பர்கள் நழுவுகிறார்கள். மனைவியோ ‘எனக்கு வேலை கிடக்கிறது’ என்று எரிந்து விழுகிறாள். மறுபடியும் கிளம்பிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சார்.

ஆபீஸிலிருந்து நேராக ரயிலேறிவிட்டீர்கள். டிக்கெட், ரூம், தரிசன நேரம் என்று அந்த நான்கு மாதமும் நாள் முழுக்க ஏதாவது வேலை இருந்தது. சும்மா உட்கார்வது இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. ரிட்டையரான பலருக்கும் முதல் மாதமே வரும் தவிப்பு உங்களுக்குத் தாமதமாக வந்திருக்கிறது. இன்னொரு டூர் போனால் அது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். காசியில் நகரத்தார் சத்திரத்துச் சாப்பாடு, போகிற வழியெல்லாம் ஹோட்டல் என்று நான்கு மாதம் அவர் அடுப்பைத் தொடவில்லை. நிஜமாகவே லீவில் இருந்தவர் அவர்தான். ஊர் திரும்பிய அன்றே இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருப்பார். எரிந்து விழாமல் என்ன செய்வார்? அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் (எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடும் சமையற்கூடம்) பூண்டு உரித்ததையும் தட்டு கழுவியதையும் முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இடம் போதாமல் வெட்டிவிட்டோம், மன்னிக்கவும்). ரொம்ப நல்ல காரியம். ஆனால் அந்தக் கை கும்பகோணத்து சிங்க் பக்கம் வந்ததாக ஒரு வரியும் இல்லையே! காலை டிகாக்‌ஷன், காய் நறுக்குவது, ராத்திரிப் பாத்திரம், இவை இனி உங்களுடையவை. ‘ஏதாவது உதவி பண்ணட்டுமா’ என்று வாசற்படியில் நிற்காதீர்கள். அதற்குப் பதில் சொல்வதே அவருக்கு இன்னொரு வேலை.

தூக்கத்துக்கு வழி நடைதான். காசிப் படித்துறைகளில் ஏறி இறங்கிய கால் இங்கே ஈஸிசேரில் நீட்டிக் கிடக்கிறது. பகலில் கண்ணும் சொக்கியிருக்கும். பகல் தூக்கத்தை விடுங்கள். கோனார்க் வரை போய்த் தேர்ச்சக்கரத்தைப் படம் எடுத்தீர்களே, பக்கத்திலிருக்கும் தாராசுரத்தில் ஐராவதேஸ்வரர் கோயில் மண்டபத்துச் சக்கரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அதுவும் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. விடிந்ததும் நடந்து போய், டவுன் பஸ்ஸில் திரும்புங்கள். இன்னும் சில வாரங்களுக்குத் தூக்கமும் பசியும் சரியாகாமல், எதிலும் பிடிப்பில்லாமலே இருந்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், நவம்பர் வருகிறது. மத்திய அரசு பென்ஷன்காரர்கள், உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான வாழ்வுச் சான்று தரும் மாதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம் என்றாலும், எங்கே பார்ப்பது, எப்போது கண் சிமிட்டுவது என்று புரியாமல் தடுமாறும் பெரியவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். முதலில் உங்களுடையதை முடித்துவிட்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வேலை முடிந்து காபி வரும் நேரத்தில் காசிக் கதையை எடுத்தால் நழுவ மாட்டார்கள்.

டூர் பேச்சைப் பொங்கலுக்கு அப்புறம் எடுக்கலாம். எந்த ஊர் என்று இந்த முறை வீட்டம்மா சொல்லட்டும்.