இந்தோனேசியாவின் திடுங் தீவுக்கு, நீங்கள் படித்ததைவிடப் படகுக் கட்டணம் பல மடங்கு கேட்கிறார்களா?

நீங்கள் ஏமாற்றப்படவில்லை, வேறு துறைமுகத்தில் நின்று விலை கேட்டிருக்கிறீர்கள். ஜகார்த்தாவின் அன்சோல் மரினாவிலிருந்து புறப்படுபவை விரைவுப் படகுகள் என்பதால் அங்கே கட்டணம் அதிகம். நீங்கள் படித்த குறைந்த தொகை, முவாரா ஆங்கே பகுதியிலுள்ள காலி அடெம் துறையிலிருந்து கிளம்பும் மரப்படகுகளுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

அவை பெரும்பாலும் காலை 7, 8 மணிக்கெல்லாம் போய்விடும் என்பதால், 6.30 மணிக்கு முன்பே கடவுச்சீட்டுடன் அங்கு இருங்கள். துறைக்கு டிரான்ஸ்ஜகார்த்தா நகரப் பேருந்தில் போவதானால், அதில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். கட்டணம் செலுத்தும் மின்னணுப் பண அட்டையை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துறைக்குப் போகும் வழி மீன் சந்தையை ஒட்டியது. ஈரத்திலும் செதிலிலும் மிதித்துத்தான் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், நல்ல காலணியைப் பைக்குள் போட்டுவிட்டுச் செருப்போடு போவதே புத்திசாலித்தனம். படகில் தளத்தில்தான் அமர வேண்டும்; திடுங் சேர ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய இரவு தீவிலுள்ள தங்குமிடக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்தைத் தீவிலிருந்து வரும் அதே நாளில் வைக்காதீர்கள்.