கேஸ் பிளாக் திரும்பிக்கொள்வது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் ஏஆர்-15 ரைஃபிளில் கேஸ் பிளாக்கை (பேரல் எனும் குழலின் சிறு துளை வழியே வரும் வாயுவைப் பின்னோக்கித் திருப்பிவிடும் உலோகத் துண்டு) இரண்டு செட் ஸ்க்ரூ (தலையில்லாத, முனையால் அழுத்திப் பிடிக்கும் திருகு) பிடித்திருக்கிறது. இப்போது சுட்ட தோட்டாக் கூடு சரியாக வெளியே வருவதில்லை. கழற்றிப் பார்த்தால் பிளாக் லேசாகத் திரும்பியிருந்தது. இறுக்கினாலும் மறுபடி திரும்புகிறது. குறுக்கே பின் (உலோக முளை) அடித்துவிடலாமா? (ஒரு வாசகர், ஹூஸ்டன்)

பதில்: பின் வரைக்கும் போக வேண்டியதில்லை. உங்கள் பேரலில் ஸ்க்ரூ உட்காரக் குழி இல்லை என்பதுதான் கோளாறு. வழவழப்பான உருளையில் ஸ்க்ரூ முனை வெறும் உராய்வில்தான் நிற்கும். பேரல் சூடேறி ஆறும்போது அந்தப் பிடி தளரும். பிளாக் சற்றே திரும்பினாலும் பேரலின் கேஸ் துளை பாதி மூடிவிடும். சுட்ட கூட்டை வெளியேற்றப் பின்னோக்கி நகரும் பாகமான போல்ட் கேரியரைத் தள்ளப் போதிய வாயு வராது.

வேலை தொடங்குமுன் மேகஸினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு அளவு எடுங்கள். பேரலின் தோளிலிருந்து (விட்டம் குறையும் படியிலிருந்து) கேஸ் துளையின் மையம் வரை ஓர் அளவு; பிளாக்கின் பின்முகத்திலிருந்து அதன் துளை மையம் வரை இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தோளுக்கும் பிளாக்குக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. பழைய வகை முன்கைப்பிடியின் முனைத் தகட்டுக்கு இடம் விட்டுத் துளையிட்ட பேரல்களில் இது சுமார் 0.6 மி.மீ. வரும். பிளாக்கைத் தோளில் முட்ட வைத்து இறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

குழி, கேஸ் துளைக்கு நேர் எதிரே, பேரலின் அடியில் வர வேண்டும். இதற்கென்றே விற்கும் ஜிக்கை (ட்ரில்லைச் சரியான இடத்தில் வழிநடத்தும் சட்டம்)ப் பயன்படுத்துங்கள். கையால் குறிவைத்துத் துளைத்தால் கோணம் தப்பும். 0.750 அங்குலப் பேரலில் சுவர்த் தடிமன் ஏறக்குறைய 6.7 மி.மீ. என்பதால் அரை முதல் ஒரு மி.மீ. ஆழம் தாராளம். ட்ரில் பிட்டில் ஸ்டாப் காலர் (ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வளையம்) மாட்டாமல் தொடவே கூடாது. ஸ்க்ரூ கீழிருந்து தள்ளுவதால் பிளாக்கின் மேல்பக்கம் கேஸ் துளையோடு ஒட்டி நிற்கும். வாயுக் கசிவைத் தடுக்க அதுதான் வேண்டும்.

கேள்வி: ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போதுமா?

பதில்: போதாது. அது சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். தொடர்ந்து சுட்டால் கேஸ் பிளாக் அதைத் தாண்டிவிடும். பீங்கான் வகைப் பசையான ராக்செட் 1,000 டிகிரிக்கு மேலும் பிடிக்கும். மரையில் துளி எண்ணெய்கூட இல்லாமல் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஆற விடுங்கள். பின்னால் கழற்ற வேண்டுமானால் தண்ணீரில் ஊற வைத்தால் இளகும்.

கேள்வி: பிளாக்கைப் பிடிக்க, பின், கிளாம்ப் (பேரலைச் சுற்றி இறுக்கும் வகை) இரண்டில் எது மேல்?

பதில்: பிடிமானத்தில் டேப்பர் பின்தான் (ஒரு முனை சிறுத்த முளை). எம்16 ரைஃபிளின் முன்சைட் (முன் குறிகாட்டி) அடித்தளத்தை, அதாவது அதன் கேஸ் பிளாக்கை, இரண்டு டேப்பர் பின்கள்தான் பிடித்திருக்கின்றன. ஆனால் பிளாக்கையும் பேரலையும் சேர்த்து ரீமர் (துளையைச் சரிவாகச் செதுக்கும் கருவி) ஓட்ட வேண்டும். சரிவு 48-க்கு 1. தப்பாக ஓட்டினால் பேரலே வீண். கழற்றும்போது எப்போதும் சிறிய முனையிலிருந்து தட்டுங்கள். எதிர்ப்பக்கம் தட்டினால் பின் இன்னும் இறுகிப் பிதுங்கும். கிளாம்ப், பேரலைக் கீறாமல் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு நல்லது. ஸ்க்ரூக்களை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். என்னைக் கேட்டால், பெரும்பாலோருக்குக் குழியும் செட் ஸ்க்ரூவுமே போதும்.

கேள்வி: மாட்டியபின் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் பின்னால் நின்றால் போதிய வாயு வருகிறது. சிறிது சுட்டபின் பிளாக்கைக் கழற்ற நேர்ந்தால், பேரல் துளையைச் சுற்றிய கரி வளையத்தைப் பாருங்கள். வளையம் துளையை நடுவில் வைத்திருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பிளாக் அந்த அளவுக்கு விலகி நின்றிருக்கிறது.

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட வேலை வந்தால் எடுக்கலாமா?

பதில்: உரிமம் இல்லாமல் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்புக்கும் விற்பனைக்கும் மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் கேட்கிறது.