நாத்தனாரை நீக்கலாமா?

கேள்வி: தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று, பள்ளி வாசலில் மகளோடு எடுத்துக்கொண்ட படத்தை பேஸ்புக்கில் போட்டேன். புள்ளியை எழுதவில்லை. என் நாத்தனார் அதன் கீழே, "எத்தனை? எங்கள் பையன் போன வருடம் 8" என்று எழுதிவிட்டார். மகளுக்கு 21. அன்றிரவே அவரை நண்பர் பட்டியலிலிருந்து நீக்கினேன். இப்போது விஷயம் மாமியார் வரை போய்விட்டது. தோ பாயோவில் அவர் வீட்டில்தான் எல்லோருக்கும் பொங்கல். சின்ன மகன் தவறுதலாக அழுத்திவிட்டான் என்று சொல்லிவிடவா?
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. ஒருவரை நீக்க, அவர் பக்கத்தைத் தேடிப் போய், பொத்தானைத் தொட்டு, விரியும் பட்டியலில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தனையையும் சின்னப் பையன் தவறுதலாகச் செய்தான் என்றால் நாத்தனார் நம்பமாட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தேர்வில் 4 தான் ஆகச் சிறந்த புள்ளி, 32 கடைசி. அவர் ஏன் 8 என்று எழுதினார் என்பது இப்போது விளங்கும். உங்கள் கோபத்தில் தவறே இல்லை. கருவியைத்தான் மாற்றி எடுத்துவிட்டீர்கள்.

நீக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூட வேண்டியது யார் கண்? அவர் போடுவது நம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றால், பின்தொடர்வதை மட்டும் நிறுத்தலாம். நட்பு அப்படியே இருக்கும். 30 நாள் ஓய்வு கொடுக்கவும் வழி உண்டு. உங்களுக்கு வேண்டியதோ அவர் கண்ணை மூடுவது. அதற்கு 'கட்டுப்படுத்தப்பட்டவர்' பட்டியல் இருக்கிறது. அதில் போட்டால் அவர் நண்பராகவே இருப்பார், நீங்கள் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவதை மட்டும் பார்ப்பார். பேஸ்புக் அவருக்குச் சொல்லாது. நீக்கினாலும் சொல்லாதுதான். ஆனால் உங்கள் பக்கத்துக்கு வந்ததும் 'நண்பராகச் சேர்' என்ற பொத்தான் அவர் முகத்தில் அடித்துவிடும்.

எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. பாகற்காய்ச் சாறு குடித்தால் எல்லா நோயும் போகும் என்று தினமும் எழுதிவந்த பதினோராவது மாடிக்காரரை நீக்கினேன். மறுவாரம் மின்தூக்கியில் ஏறினால் அவர் நிற்கிறார். "என்ன டீச்சர், என் மேல் வருத்தமா?" கீழ்த்தளம் வரும்வரை கதவுக்கு மேலே மாறும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை சிறிய தீவில் நீக்கியவரை நேரில் பார்க்காமல் தப்ப முடியாது. 2009இல் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 'அன்ஃபிரண்ட்' என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. நாத்தனாரை நீக்க நம் மொழியில் இன்னும் சொல் வரவில்லை.

பொங்கலுக்கு முன்பே அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி வேண்டாம், அது குடும்பம் முழுக்கச் சுற்றும். கணவரையும் தூது அனுப்பாதீர்கள். "பிள்ளையின் புள்ளியை நாலு பேர் முன்னால் கேட்டது எனக்கு வலித்தது அண்ணி, அதனால்தான் எடுத்தேன்" என்றால் போதும். நீக்கியதற்கு வேண்டுமானால் வருத்தம் தெரிவியுங்கள், கோபப்பட்டதற்கு வேண்டாம். அவரே மறுபடி நட்பு கேட்டால் ஏற்றுக்கொண்டு, நான் சொன்ன பட்டியலில் போட்டுவிடுங்கள். மாமியாருக்கு 'நீக்கிவிட்டாள்' என்ற சொல் வீட்டைவிட்டே விலக்கியதுபோலக் கேட்டிருக்கும். கைபேசியை அவர் கையில் கொடுத்து, இவ்வளவுதான் என்று காட்டுங்கள்.

இன்னொன்று. பேஸ்புக்கில் கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். உங்கள் மகள் அங்கே வந்து பதில் சொல்லக்கூட முடியாது. அந்தப் படத்தைப் போடும் முன் அவளைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.