டீச்சரைக் கேளுங்க: மணி அடிச்ச பிறகு வர்ற பிள்ளைங்க

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி நம்ம கெடா மாநிலத்து பாடாங் செராய், கூலிம் பக்கத்துலேர்ந்து. எல்லாம் ஒரே விஷயம், சின்ன பிள்ளைங்க ஸ்கூலுக்கு லேட்டா போறதும் லீவு போடறதும். டியூஷன் பத்தி கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க, அடுத்த மாசம் பாப்போம்.

கேள்வி: டீச்சர், எனக்கு பிறை பக்கம் ஃபேக்டரி வேலை, ஃபேக்டரி பஸ் விடியகாலை 5.45க்கு ஜங்ஷன்ல வந்து நின்னுடும். வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்துல, அவரும் இருட்டோட பெரட்டுக்கு (காலையில வேலைக்கு பேர் கூப்பிடறதுக்கு) போயிடுவாரு. மக முதலாம் ஆண்டு, மாமியார்தான் எழுப்பி குளிப்பாட்டி வேன்ல ஏத்தி விடுறாங்க. பள்ளியில 7.30க்கு பெல், வேன் மூனு தோட்டம் சுத்திட்டு போறதால பல நாள் 7.45 ஆயிடுது. லேட் புக்குல பேர் எழுதுறாங்களாம், பிள்ளை வேன்லயே அழ ஆரம்பிச்சிடுது, இப்போ காலையில வயிறு வலின்னு வேற சொல்லுது. நான் யார திட்டுறது, பிள்ளையவா வேன்காரரையா? (பாடாங் செராய் வாசகி)

பதில்: யாரையும் திட்ட வேணாம்மா. ஏழு வயசு பிள்ளை மணி பாத்து கிளம்புற வயசு இல்ல, அது லேட்டா போகுதுன்னா பெரியவங்க நாம போட்ட ஏற்பாடு எங்கயோ சரியில்லன்னு தான் அர்த்தம்.

முதல்ல வேன பாப்போம். சண்டைக்கு போகாம, எந்த வீட்டு முன்னாடி ரொம்ப நேரம் ஹாரன் அடிச்சிட்டு நிக்கிறீங்க அங்கிள்னு மெதுவா கேளுங்க. ஒரு வீட்டுல 3 நிமிஷம், அடுத்த வீட்டுல 4 நிமிஷம்னு நின்னாலே பள்ளிக்கூட கேட்டுக்கு போறதுக்குள்ள கால் மணி நேரம் போயிடும், அந்த வீட்டுல உங்க வீடும் ஒன்னா இருக்கலாம், கோவிச்சுக்காதீங்க. அந்த வேன்ல வர்ற பிள்ளைங்களோட அம்மாங்க எல்லாம் சேர்ந்து, வேன் வர்றப்போ பிள்ளை பையோட வாசல்ல நிக்கணும்னு பேசி வச்சுக்குங்க. அப்பவும் லேட்டுன்னா அவரு ஒரே டிரிப்ல அளவுக்கு மேல வீடு சுத்துறாரு, வேற வேன் பாக்க வேண்டியதுதான்.

அடுத்தது மாமியார். பாவம் அந்த அம்மா, காலையில எல்லா வேலையும் அவங்க தலையில. நம்ம ஊருல ஜனவரி பிப்ரவரியில 7 மணிக்கும் சரியா வெளிச்சம் வராது, அந்த நேரத்துல மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒத்தக் காலுறைய தேடிட்டு இருந்தா எப்படி நேரத்தோட கிளப்புவாங்க? நீங்க வேலை முடிஞ்சு வந்ததும் டைம்டேபிள் பாத்து பைய அடுக்கி, உடுப்ப மாட்டி வச்சு, காலுறைய சப்பாத்துக்குள்ள சொருகி வாசல்கிட்ட வச்சிடுங்க. 2021லேர்ந்து எல்லாம் கறுப்பு சப்பாத்து ஆனதால ராத்திரியில வெள்ளை பூசுற வேலையும் இல்ல, அந்த விஷயத்துல இந்தக் காலத்து அம்மாங்க தப்பிச்சிட்டீங்க.

அழுகை எதுக்குன்னா, லேட் புக்குக்கு பயந்து மட்டும் இல்ல. எல்லாரும் உக்காந்து புத்தகத்த திறந்த பிறகு அந்தக் கதவுகிட்ட தனியா நிக்கணும் பாருங்க, முப்பது கண்ணு திரும்பி பாக்கும், டீச்சர் பேச்ச நிப்பாட்டுவாங்க, சின்ன பிள்ளைக்கு அது பெரிய கஷ்டம். அதோட பாடத்தோட ஆரம்பத்துல தான் இன்னிக்கி என்ன செய்யப் போறோம்னு டீச்சர் சொல்லுவாங்க, அத கேக்காத பிள்ளை பக்கத்துல இருக்கறது என்ன எழுதுதோ அத பாத்து எழுதும், கேட்டா புரிஞ்சுதுன்னு தலைய ஆட்டும்.

வயிறு வலிய பொய்யின்னு முடிவு கட்டிடாதீங்க. கெடாவுல நமக்கு வெள்ளி சனி தானே லீவு, அந்த ரெண்டு நாளும் வலி இல்லாம ஞாயித்துக்கிழமை காலையில கரெக்டா வருதுன்னா பள்ளிக்கூடத்துல ஏதோ பயம் இருக்கு, வகுப்பாசிரியர்கிட்ட தனியா பேசுங்க, யாராவது கிண்டல் பண்றாங்களா, டாய்லெட் போக கூச்சப்படுதான்னு கேளுங்க. லீவு நாள்லயும் வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு பினாங்குல வேலை, அவருக்கு லீவு சனி ஞாயிறு. கோலாலம்பூர் சொந்தக்காரங்க கல்யாணம் காதுகுத்து எல்லாமே ஞாயித்துக்கிழமை தான் வைக்கிறாங்க. ரெண்டாம் ஆண்டு படிக்கிற மகன கூட்டிட்டு போயிடுவோம். இப்போ பள்ளியிலேர்ந்து வார்னிங் லெட்டர் வந்திருக்கு. ஒரு ஞாயிறு தானே டீச்சர், இதுக்கு போயி லெட்டரா? (கூலிம் வாசகி)

பதில்: இந்த ஞாயிறு பிரச்சனை கெடா, கிளந்தான், திரெங்கானுக்காரங்களுக்கு மட்டும் உள்ள தலைவலி. கோலாலம்பூர்ல இருக்கற அத்தைக்கு ஞாயிறு ஓய்வு, நம்ம பிள்ளைக்கு அது வாரத்தோட முதல் நாள். "ஒரு ஞாயிறு தானே"ன்னு எழுதுறீங்க, ஆனா காரணம் சொல்லாம தொடர்ந்து 3 நாள் வரலன்னாலோ, விட்டு விட்டு மொத்தம் 10 நாள் ஆனாலோ தான் முதல் வார்னிங் வரும். கல்யாணத்துக்கு தொடர்ந்து 3 நாள் தங்கியிருக்க மாட்டீங்க, அப்போ கணக்கு எங்க போயி நிக்குதுன்னு நீங்களே பாத்துக்குங்க.

சட்டமும் இருக்கு. 1996 கல்விச் சட்டத்துல 29ஏ பிரிவு, 2003லேர்ந்து ஆரம்பக் கல்வி கட்டாயம், பிள்ளைய பள்ளியில சேக்காம, தொடர்ந்து படிக்க வைக்காம விட்டா பெத்தவங்களுக்கு 5,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். உங்கள யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போறதில்ல, அது பிள்ளைய வீட்டோட வச்சுக்கறவங்களுக்கு. ஆனா லெட்டர் பள்ளிக்கூடத்து ஆசைக்கு வர்றது இல்ல, விதிமுறைப்படி அனுப்பித்தான் ஆகணும், அதனால டீச்சர் மேல கோவப்படாதீங்க.

என் யோசனை, கூடப்பிறந்தவங்க பிள்ளைங்க கல்யாணம்னா முன்கூட்டியே கடிதம் கொடுத்துட்டு குடும்பத்தோட போங்க, பிள்ளைக்கும் சொந்தபந்தம் தெரியணும் இல்லயா. தூரத்து சொந்தம்னா வெள்ளிக்கிழமையே போயி பாத்து மொய்ய கொடுத்துட்டு சனிக்கிழமை சாயங்காலம் ஊரு வந்து சேருங்க. இல்ல உங்க வீட்டுக்காரர் மட்டும் போகட்டும், அவருக்கு தான் லீவு.

கேள்வி: வரலன்னு வகுப்பு வாட்சப் குரூப்புல போட்டா பத்தாதா?

பதில்: போடுங்க, டீச்சருக்கு காலையிலயே தெரியும், நல்லது. ஆனா வருகைப் பதிவுக்கு காரணம் காட்ட ஒரு தாள் வேணும். காய்ச்சல்னா டாக்டர் கொடுக்கற எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), அரசாங்க கிளினிக்குல 1 ரிங்கிட் தான். வீட்டு விஷயம்னா பேர், வகுப்பு, தேதி, காரணம், கையெழுத்து, நாலு வரி கடிதம் போதும். கை கால் வாய் நோய்னா மட்டும் தயவு செஞ்சு வருகையப் பத்தி யோசிக்காதீங்க, கொப்புளம் காயற வரைக்கும் வீட்டுல வச்சுக்குங்க, ஒரு பிள்ளை வந்தா பாலர் பள்ளி வரைக்கும் பரவிடும்.

கேள்வி: ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் பரீட்சையவே ரத்து பண்ணிட்டாங்க, ஒன்னாம் ஆண்டு பிள்ளை ரெண்டு நாள் போகலன்னா என்ன குடி முழுகிப் போகுது? எங்க காலத்துல இப்படி எல்லாம் இல்ல. (பேரப் பிள்ளைய பாத்துக்கற ஒரு தாத்தா)

பதில்: ஐயா, உங்க காலத்துல பெரட்டுக்கு பிந்தி போனா வேலைய மேற்பாக்கற மண்டோர் என்ன செய்வாருன்னு எனக்கு தெரியாதா? யுபிஎஸ்ஆர் 2021ல போனது உண்மைதான், ஆனா அதனால தான் தினமும் வர்றது இப்போ முக்கியம். முன்ன கடைசியில ஒரு பரீட்சை, இப்போ வகுப்புல பிள்ளை படிக்கறது, பேசறது, எழுதறத எல்லாம் ஆசிரியர் வருஷம் முழுக்க பாத்து 1லேர்ந்து 6 வரைக்கும் நிலை போடுறாங்க. வராத பிள்ளைய எத வச்சு பாக்கறது? அதுவும் நம்ம தோட்டத்துப் பள்ளிங்க நிறைய 150 பிள்ளைக்கு உள்ள இருக்கற சின்ன பள்ளிங்க, ஒரு வகுப்புல எட்டு பேர் இருப்பாங்க, அதுல மூனு பேர் வரலன்னா டீச்சர் அடுத்த நாள் அதே பாடத்த திரும்ப எடுக்கணும், வந்த அஞ்சு பேரும் கொட்டாவி விடுவாங்க. உங்க பேரன் வந்த அஞ்சுல இருந்தா நீங்களே கடிதம் எழுதுவீங்க.

கேள்வி: 7.30க்கு கேட்ட மூடிட்டு, பெத்தவன் என்னையே புக்குல கையெழுத்து போட சொல்றாங்க. மரியாதையா இது?

பதில்: அண்ணே, பிள்ளை எத்தனை மணிக்கு, யார் கூட உள்ள வந்துச்சுன்னு பள்ளிக்கு தெரியணும், அதுக்குத்தான் அந்த கையெழுத்து. நாளைக்கு ஒரு பிள்ளை வகுப்புல இல்லன்னா முதல்ல அந்த புக்க தான் திறப்பாங்க. கேட்டுல நிக்கற காவலாளி ரொம்ப கடுமையா பேசினாருன்னா அத தலைமையாசிரியர்கிட்ட சொல்லுங்க, கையெழுத்த மட்டும் போட்டுட்டு போங்க.